பட்டி இருந்த இடம்

(திருப்பத்தூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். உங்களில் பலர் பள்ளியில் படிக்கும்போது அங்கே போயிருப்பீர்கள். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1986-இல் அதைத் திறந்தார்கள். அதை நடத்துவது பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம். அந்த நிறுவனத்தின் வேர் சென்னை நுங்கம்பாக்கத்திலும் கொடைக்கானலிலும் இருக்கிறது.

காவலூர் வானத்தில் ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆண்டில் பல மாதங்களுக்கு மேகத்தைப் போர்த்திவிடுகின்றன. விண்மீனைப் பார்க்கிறவருக்கு மழை வேண்டாம், ஈரக்காற்று வேண்டாம், விளக்கு வெளிச்சமும் வேண்டாம். அப்படி ஓர் இடத்தைத் தேடி அதே நிறுவனம் வடக்கே போனது. போய்ச் சேர்ந்த இடம் லடாக்கின் தென்கிழக்கு மூலையில், சீன எல்லைக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே. 2000-ஆம் ஆண்டு அங்கே 2 மீட்டர் தொலைநோக்கி முதன்முதலாக ஒளி கண்டது. அதற்கு வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரை வைத்தார்கள். பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள்.

நான் முதல்முறை ஹான்லேக்குப் போனது அந்தத் தொலைநோக்கியைப் பார்க்கத்தான். திரும்பி வரும்போது என் மனத்தில் ஆடுகளும் புல்லும்தான் இருந்தன. இன்று பேசப்போவதும் அவற்றைப் பற்றித்தான்.

விண்மீனைத் துல்லியமாகக் காட்டுகிற அதே வறட்சிதான் அங்கே புல்லை விரலளவுக்கு மேல் வளரவிடாமல் வைத்திருக்கிறது. இமயமலை பருவமழையைத் தன் தெற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்கிறது. மலைக்குப் பின்னால் இருக்கும் லே நகரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். நமக்கு ஐப்பசியில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். பனிக்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரிக்குப் போகும். மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. பாலை என்றால் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். இது பனிப்பாலை.

இந்தப் பீடபூமிக்குச் சாங்தாங் என்று பெயர். சாங் என்றால் வடக்கு, தாங் என்றால் வெளி. திபெத்தின் மேற்கும் வடக்கும் பரந்து கிடக்கும் அந்தப் பெருவெளியின் ஓரம்தான் லடாக்குக்குள் நீண்டிருக்கிறது. அங்கே ஆடு மேய்த்து வாழ்கிறவர்கள் சாங்பாக்கள், அதாவது வடக்கத்தியார். 1989-இல் அவர்களைப் பட்டியல் பழங்குடியாக அரசு அறிவித்தது. நிலம் பாலை, ஆனால் அங்கே நடப்பது முழுக்க முல்லை வாழ்க்கை. ஆடும் யாக்கும், பாலும் வெண்ணெயும், பட்டியும் காத்திருப்பும். ஐந்திணை வகுத்தவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லாத ஒரு சேர்க்கை இது.

ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். ஓர் அம்மா, ஐம்பது வயதைத் தாண்டியவர், அறுபது எழுபது வெள்ளாடுகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தினார். இந்த வரிசை ஆட்டின் கழுத்து அந்த வரிசை ஆட்டின் கழுத்தோடு பின்னிக்கொள்ளும்படி, ஒரே ஒரு நீளக் கயிற்றால் எல்லாவற்றையும் கோத்துவிட்டார். தலைகள் எல்லாம் நடுவில், மடிகள் எல்லாம் வெளியே. வாளியோடு பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து கறந்தார். கறந்து முடித்ததும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கோத்த முடிச்சு எல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்ந்து, மந்தை முழுவதும் மேட்டை நோக்கி ஓடியது. அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த ஆட்டுக்குச் சாங்ரா என்று பெயர். குளிரைத் தாங்க இதன் வெளிமுடிக்கு அடியில் மெல்லிய உள்மயிர் ஒன்று வளர்கிறது. அதுதான் பஷ்ம். அதிலிருந்துதான் பஷ்மினா சால்வை. அந்த இழையின் பருமன் 12 முதல் 14 மைக்ரான், நம் தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. கோடை தொடங்கும்போது ஆடு தானாகவே அதை உதிர்க்கத் தொடங்கும். அப்போது ஆட்டைப் படுக்கவைத்துச் சீப்பால் வாரி எடுப்பார்கள். ஓர் ஆட்டுக்குக் கிடைப்பது கால் கிலோ அளவு. அதிலும் முரட்டு முடியையும் அழுக்கையும் நீக்கினால் பாதி கூட மிஞ்சாது. லடாக் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டன் என்பார்கள். உலகச் சந்தையில் அது ஒரு சிட்டிகை. ஆனால் காஷ்மீர் நெசவின் புகழ் இந்தச் சிட்டிகையால் வந்தது.

நாம் வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கும் போர்களுக்கு உள்ளேயும் இந்த மயிர் இருக்கிறது. 1684-இல் திபெத்துக்கும் லடாக்குக்கும் ஏற்பட்ட டிங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக் வழியாகக் காஷ்மீருக்குப் போக வேண்டும் என்பதை உறுதிசெய்தது. 1841-இல் ஜம்முவின் படைத்தலைவர் ஜோராவர் சிங் திபெத்துக்குள் நுழைந்ததற்கு இந்த வணிகத்தைக் கைப்பற்றும் நோக்கம் ஒரு பெரிய காரணம். அவர் அந்தப் பனிக்காலத்தில் மானசரோவருக்கு அப்பால் கொல்லப்பட்டார். மறுஆண்டு சுஷூலில் சமாதானம் ஆனபோது, பஷ்மும் தேயிலையும் பழைய வழக்கப்படியே போகலாம் என்று எழுதிக்கொண்டார்கள். எல்லை பழைய எல்லையாகவே இருக்கட்டும் என்றார்கள். அது எங்கே என்று வரைபடத்தில் யாரும் கோடு போடவில்லை. போட வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை. எந்த வெளியில் யாருடைய ஆடு எந்த மாதம் மேயும் என்பது மேய்ப்பர்களுக்குத் தெரிந்திருந்தது.

பழந்தமிழ் இலக்கணம் போரை எங்கிருந்து தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். தொல்காப்பியத்தின் புறத்திணை வெட்சியில் தொடங்குகிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது முதல் செயல், மீட்பது அடுத்தது. இது ஏதோ பழங்கதை என்று நான் இளமையில் நினைத்திருந்தேன். ஆனால் 1965 செப்டம்பரில், பாகிஸ்தானோடு நமக்குப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சீனா இந்தியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. சிக்கிம் எல்லையில் இந்தியப் படையினர் 800 ஆடுகளையும் 59 யாக்குகளையும் கவர்ந்து சென்றதாக அதில் குற்றச்சாட்டு இருந்தது. அணுகுண்டு வெடித்துப் பார்த்துவிட்ட ஒரு நாடு ஆட்டை எண்ணி ஓலை அனுப்பியது. டெல்லியில் வாஜ்பாய் ஓர் ஆட்டு மந்தையையே சீனத் தூதரகத்துக்கு ஓட்டிப்போய் எதிர்ப்புக் காட்டினார். பலர் அதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள். எனக்கு அந்த எண்ணிக்கைதான் கண்ணில் நிற்கிறது. இமய எல்லையில் ஆடு எங்கே மேய்கிறதோ அந்த நிலம் அந்த ஆட்டுக்காரருடையது என்பது இரண்டு அரசுகளுக்கும் தெரிந்தே இருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சாங்பா ஒருவரிடம் உங்கள் ஊர் எது என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வார்: ருப்ஷு, கர்னக், கோர்சோக். அது நாம் நினைக்கிற ஊர் இல்லை. ஓர் ஆண்டில் எட்டு, பத்து முறை இடம் மாறும் ஒரு கூட்டத்தின் மேய்ச்சல் சுற்று. யாக்கின் கறுப்பு மயிரில் நெய்த ரேபோ என்னும் கூடாரத்தோடு நகர்வார்கள். கோபா என்று ஒரு தலைவர் உண்டு. எப்போது கிளம்புவது, எந்த வெளியை இந்த ஆண்டு தொடாமல் விடுவது என்பதை அவர் முன்னிலையில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கல்லை அடுக்கிக் கட்டிய பட்டிகள் மட்டும் அங்கங்கே நிலையாக இருக்கும். மனிதர் போய்விடுவார், பட்டி அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும். அந்த வழியாக ஜீப்பில் போகும் நமக்கு மைல் கணக்கில் ஒன்றுமே இல்லாத வெளி தெரியும். அந்த வெளியின் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு மாதம் குறித்து வைத்திருக்கிறார்கள். காலியாகக் கிடப்பதுகூட அவர்கள் திட்டமிட்டதுதான். அப்படிக் கிடந்தால்தான் புல் மறுபடி வேர்பிடிக்கும்.

அங்கே மிக அருமையான புல் பனிக்காலப் புல். கோடையில் உயரத்தில் எங்கும் கொஞ்சம் பச்சை இருக்கும். தை, மாசியில் பனி அதிகம் தங்காத, காற்று வாரிவிட்டுப் போகிற தாழ்வான ஆற்றங்கரைகள் வேண்டும். குட்டிகள் பிறப்பதும் அந்தக் கடுங்குளிரில்தான். தாய்க்குத் தீனி இல்லையென்றால் பால் இல்லை, பால் இல்லையென்றால் குட்டி ஓர் இரவு தாங்காது. அப்படிப்பட்ட தாழ்ந்த கரை சிந்து நதியின் கரை. டெம்சோக், டுங்டி ஊர்களை ஒட்டி அந்த நதி ஓடும் பள்ளத்தாக்கில்தான் இன்று இந்திய-சீன உண்மைக் கட்டுப்பாட்டுக் கோடு என்று சொல்லப்படுவது போகிறது. மேய்ப்பர்களின் உயிர்நாடியான மேய்ச்சலும் இரண்டு வல்லரசுகள் முட்டிக்கொள்ளும் இடமும் ஒரே இடமாகிப்போனது.

1950-களின் இறுதியில் திபெத்திலிருந்து தப்பி வந்த மேய்ப்பர்கள் தங்கள் மந்தைகளோடு இந்தப் பக்கம் வந்தார்கள். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு கிழக்கே இருந்த மேய்ச்சல் வெளிகள் அடைபட்டன. மந்தை பெருகியது, புல் சுருங்கியது. ஸ்காக்ஜுங் என்று ஒரு பனிக்கால மேய்ச்சல் வெளி. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். அது ஒரே நாளில் போகவில்லை. ஒரு பருவம் போகவிடவில்லை, அடுத்த பருவம் எதிர்ப்பக்கத்து மேய்ப்பர்கள் வந்து கூடாரம் போட்டிருந்தார்கள், அதற்கடுத்த ஆண்டு அவர்களுக்குப் பின்னால் சீருடைக்காரர்கள் நின்றார்கள். பிரச்சினை வேண்டாம், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று இந்தப் பக்கத்து அதிகாரிகளும் சொன்னார்கள். போகாமல் விட்ட இடம் சில ஆண்டுகளில் போக முடியாத இடமானது.

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. செம்மறி மேய்க்கும் கீதாரிகள் நடந்து திரியும் வறண்ட மாவட்டத்திலிருந்து போன ஒருவர், இன்னொரு வறண்ட நிலத்தின் குளிரில் விழுந்தார். அந்த இழப்பைப் பேச வேண்டும். அதற்குப் பிறகு மேய்ப்பர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 2021, 2022-இல் பாங்காங் ஏரிக்கரையிலும் கோக்ரா பக்கத்திலும் இரு படைகளும் பின்வாங்கியபோது, நடுவே இரண்டு தரப்பும் நுழையாத இடைநிலங்கள் உருவாயின. படைகள் மோதாமல் இருக்க அது தேவைப்பட்டிருக்கலாம். அந்த இடைநிலங்களில் சுஷூல், போப்ராங் ஊர்களின் பனிக்கால மேய்ச்சல் இருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் ஆடு வளர்ப்பவர் யாரும் உட்காரவில்லை.

2024 ஜனவரியில் ஒரு காணொளி பரவியது. உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். பனிக்கால மேய்ச்சலுக்குத் தங்கள் மந்தையோடு போன சாங்பாக்களைச் சீனப் படையினர் வண்டிகளோடு வந்து மறிக்கிறார்கள். மேய்ப்பர்கள் கையில் ஆயுதம் இல்லை. இது எங்கள் நிலம் என்று சத்தம்போட்டு வாதாடுகிறார்கள், நகர மறுக்கிறார்கள். நாடு முழுக்க அவர்களைப் பாராட்டியது. எல்லைக் காவலர்கள், சீருடை இல்லாத வீரர்கள் என்றெல்லாம் எழுதினார்கள்.

அந்தப் பாராட்டில் உண்மை இருக்கிறது. 1962 நவம்பர் 18 அன்று ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி கடைசித் தோட்டா வரை நின்றது. அவர்களின் உடல்கள் பனியில் உறைந்து கிடப்பதை மூன்று மாதம் கழித்து முதலில் கண்டவர் ஒரு லடாக்கிய மேய்ப்பர் என்று சொல்கிறார்கள். 1999-இல் கார்கிலில் ஊடுருவல் நடந்ததை முதலில் பார்த்துச் சொன்னதும் காணாமல் போன தன் யாக்கைத் தேடி மலையேறிய கார்கோன் கிராமத்து தாஷி நம்க்யால்தான். மேய்ப்பவருடைய கண் எல்லையைக் காத்திருக்கிறது.

ஆனால் தாஷி நம்க்யால் யாக்கைத் தேடித்தான் போனார், எதிரியைத் தேடிப் போகவில்லை. அந்த யாக் இல்லாவிட்டால் அவர் அந்த மலையில் ஏறியிருக்கவே மாட்டார். காவலர் என்று பட்டம் கொடுத்துவிட்டு, அவர் அங்கே இருப்பதற்கான காரணத்தை, அந்தப் புல்லை, நாம் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். பட்டத்தை ஆடு தின்னாது. புல் போனால் ஆடு போகும். ஆடு போனால் மனிதர் லேவுக்குப் போய் லாரி ஓட்டுவார், சாலை வேலைக்குப் போவார். கர்னக் கூட்டத்தின் பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் போய்விட்டன. லேவுக்குப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் குடியிருப்புக்கே கர்னக்லிங் என்று பெயராகிவிட்டது. போனவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. பிள்ளைக்குப் படிப்பு வேண்டும், கிழவிக்கு மருத்துவர் வேண்டும், மைனஸ் முப்பதில் கூடாரத்தில் பிரசவம் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது. பூகாவில் நாடோடிப் பிள்ளைகளுக்கு ஓர் உண்டுறைவிடப் பள்ளி இருக்கிறது. அது போல இன்னும் பல வேண்டும். போக விரும்புகிறவர் போகட்டும். இருக்க விரும்புகிறவர் புல் இல்லாமல் போகும்படி ஆகக் கூடாது.

நம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எத்தனை பேர் ஆக்கிரமித்தாலும், சொல் என்று ஒன்று இருப்பதால் வழக்காவது போட முடிகிறது. சாங்தாங்கின் மேய்ச்சலுக்குப் பட்டா இல்லை, வழக்காறுதான் உண்டு. வழக்காறு ஊராருக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. அதனால்தான் லேவுக்கும் மணாலிக்கும் இடையே பாங் என்னும் இடத்தை ஒட்டிய சமவெளியில் மாபெரும் சூரிய மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டபோது, அந்த நிலம் தரிசு என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. 13 கிகாவாட் மின்சாரத்தை அங்கிருந்து ஹரியாணாவுக்குக் கொண்டுவரும் மின்தடத்துக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 20,773 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே மேய்க்கிறவரிடம் முதலில் கேளுங்கள் என்கிறேன். எல்லை கிழக்கே அடைக்கிறது, திட்டம் மேற்கே அடைக்கிறது. நடுவில் ஒரு மந்தை எங்கே திரும்பும்?

2024 அக்டோபரில் டெப்சாங்கிலும் டெம்சோக்கிலும் மீண்டும் ரோந்து போக இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. அப்போது மேய்ச்சல் என்ற சொல்லும் அரசின் பேச்சில் வந்தது. அந்தச் சொல் அங்கே இடம்பெற்றதை நான் பெரிதாக மதிக்கிறேன். படைவீரர் நடக்கும் தடத்தைப் போலவே ஆடு நடக்கும் தடத்தையும் குறித்து, எந்த மாதம் எந்த வெளி என்று கோபாக்களைக் கேட்டு எழுதி, ஒப்பந்தத்தின் பகுதியாக்கினால் அது நிற்கும்.

ஹான்லேயில் கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தேன். 2022-இல் அங்கே இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வானம் இருட்டாக இருக்க வேண்டுமானால் ஊர் விளக்கைக் குறைக்க வேண்டும். மின்சாரம் பார்த்துச் சில காலமே ஆன ஊர்களிடம் போய் இதைக் கேட்பது சிறிய விஷயமில்லை. அவர்களோடு பேசினார்கள். வீட்டுச் சன்னலுக்குத் திரை, விளக்குக்கு மூடி, வண்டி முகப்பு விளக்குக்குக் கட்டுப்பாடு. பதிலுக்கு, ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வானியல் சொல்லிக்கொடுத்து, கையில் தொலைநோக்கி கொடுத்தார்கள். இன்று அவர்கள் தங்க வரும் பயணிகளுக்குச் சனிக்கோளின் வளையத்தைக் காட்டி வருமானம் பார்க்கிறார்கள். எனக்கு ஆண்ட்ரோமெடாவைக் காட்டிய பெண், மறுநாள் காலை கிடாரியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார். காவலூரிலிருந்து கிளம்பிய ஒரு தேடல் அந்தப் பெண்ணின் கையில் போய்ச் சேர்ந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கறந்து முடித்துக் கயிற்றை இழுத்த அம்மாவை மறுபடி சொல்ல வேண்டும். அவருடைய மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தவர். இந்தியில் எனக்கு மொழிபெயர்த்தார். நான் அந்த அம்மாவிடம், இந்த வெளி உங்களுடையது என்பதற்கு யாராவது ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவீர்கள் என்று கேட்டேன். கேள்வி அவருக்குச் சரியாகப் புரியவில்லை. மகள் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் எழுந்து எங்களைக் கல்பட்டிக்குள் கூட்டிப்போனார். மண்வெட்டியால் தரையில் ஓர் ஓரத்தை வெட்டினார். தரை என்று நான் நினைத்தது ஆட்டுப்புழுக்கை இறுகிய படுகை. முழங்கால் அளவுக்கு, அடுக்கு அடுக்காக, கறுப்பும் பழுப்புமாக இருந்தது. மேல் அடுக்கைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார். கொஞ்சம் கீழே தொட்டு மாமியாரின் பெயர். அதற்கும் கீழே தொட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார். வெட்டியதை வீணாக்காமல் ஒரு சாக்கில் அள்ளி யாக்கின் முதுகில் ஏற்றினார். அன்று மாலை உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் அந்தப் புழுக்கை எரிந்த நெருப்பில்தான் கொதித்தது.